ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி...

டிஸ்கி: இது பேனையும் வயித்துப் பூச்சியையும் பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டை ஓரமா வச்சுட்டு வாங்க. படிக்கப் படிக்கத் தலை அரிச்சா கம்பெனி பொறுப்பில்லை :-)

நம்ம மக்கள் எழுதாத விஷயம்னு ஒண்ணு இருக்கா? சினிமா, அரசியல், சமையல், பயணம், மூலம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் வரைக்கும் எழுதியாச்சு. யாருக்கு எங்க அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை தையல் போட்டாங்கன்னு போட்டோவோட போடுறோம். ஆனா "என் பொண்ணு தலையில பேன் இருக்கு", "என் பையனுக்கு ராத்திரி ஆசனவாய் அரிக்குது"ன்னு ஒரே ஒரு வரி எழுத ஒருத்தருக்கும் கை வராது. ஏன்? அது அழுக்குப் புள்ளைங்களுக்கு வர்ற சமாச்சாரம்னு நாம எல்லாரும் மனசுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருக்கோம். நம்ம வீட்டுல வந்தா சத்தமில்லாம மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரர் காதோரம் கிசுகிசுத்து, பழுப்புக் கவர்ல சுத்தி வாங்கிட்டு வந்து, கதவைச் சாத்திட்டுத் தேய்ப்போம். பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வந்தா மட்டும், "அந்த வீட்டுல கொஞ்சம் சுத்தம் பத்தாது"ன்னு சொல்லுவோம்.

இந்தக் கள்ளத்தனத்தைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் கிழிக்கலாம்னு இருக்கேன். பேனை விட, பூச்சியை விட, பள்ளிக்கூடத்துல வேகமாப் பரவுறது இந்த வெட்கம்தான். அதைப் பரப்புறவங்க குழந்தைங்க இல்லை. நாமதான்.

முதல்ல பேன்.

என் சித்தி பொண்ணுக்கு ஒரு மக. நாலாம் வகுப்பு. நல்ல அடர்த்தியான முடி, ரெட்டை ஜடை, ரிப்பன். ஒருநாள் வகுப்புல தலையைச் சொறிஞ்சிருக்கா. மிஸ் கூப்பிட்டு, எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் பென்சில் முனையால முடியை விலக்கிப் பாத்துட்டு, கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சிருக்காங்க. டைரியில சிவப்பு மையில, "தலையைச் சுத்தம் செய்து அனுப்பவும். அதுவரை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம்." மறுநாள்ல இருந்து அந்தப் புள்ளைக்கு வகுப்புல பேர் 'பேன் பேக்டரி'.

அவங்க அம்மா என்ன பண்ணுவா? ராத்திரி ஒம்பது மணிக்குக் கத்திரிக்கோலை எடுத்து, அழ அழ, பையன் மாதிரி ஒட்ட வெட்டி விட்டுட்டா. "எனக்கு வேற வழி தெரியலண்ணே, மானம் போகுது"ன்னு எனக்கு போன் பண்ணி அவளும் அழறா. மூணு வாரம் கழிச்சு அந்த ஒட்ட வெட்டின தலையில மறுபடி பேன். பின்ன என்ன ஆகும்? பக்கத்து பெஞ்சு புள்ளைங்க தலையில என்ன இருக்குன்னு ஒருத்தரும் பாக்கலையே. மத்த வீடுகளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடப் போகலையே. ஒரு புள்ளையைப் பிடிச்சு வெளியில நிறுத்தினதும் பேன் ஒழிஞ்சதுன்னு கணக்கை மூடிட்டாங்க.

நான் பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டேன். ரொம்ப மரியாதையாத்தான் கேட்டேன், நம்புங்க. "சார், மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க, நாங்க என்ன பண்றது?"ன்னாங்க. இந்தப் பதில்ல ஒரு உண்மை இருக்கு. பேன்மேல யாருக்கும் பயம் இல்லை. மத்த பேரன்ட்ஸ்மேலதான் பயம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பேனுக்குச் சிறகு கிடையாது. அது பறக்காது. தெள்ளுப்பூச்சி மாதிரி குதிக்கவும் குதிக்காது. ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஒரு தலையும் இன்னொரு தலையும் ஒட்டினா முடி வழியா நடந்து போயிடும். பசங்க எப்ப தலையை ஒட்ட வைக்கிறாங்க? ஒரே புத்தகத்தை ரெண்டு பேர் பாக்கும்போது, ரகசியம் பேசும்போது, ஒரு போன்ல மூணு பேர் விளையாட்டு பாக்கும்போது, ஒரே பாயில படுக்கும்போது. அதாவது, பேன் தொத்துறதுக்கு வேண்டிய தகுதி சிநேகம். அழுக்கு இல்லை. பேனுக்கு வேண்டியது ரத்தம், கொஞ்சம் சூடு, பிடிச்சுக்க முடி. முடி ஷாம்பு போட்டதா, எண்ணெய் வழியறதான்னு அது பாக்குறதில்லை. தினமும் தலைக்குக் குளிச்சாலும் அது தண்ணியில போகாது, முடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

அடுத்தது முக்கியமான பாயிண்ட். பள்ளிக்கூடம் நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா இந்தப் பத்தியை மட்டுமாவது ரெண்டு தடவை படிங்க. முதல் தடவை பேன் பிடிக்கிற குழந்தைக்கு அரிப்பு உடனே தெரியாது. அரிக்கிறது பேனோட எச்சிலுக்கு உடம்பு காட்டுற ஒவ்வாமை. அது வர்றதுக்கு 4 முதல் 6 வாரம் வரைக்கும் ஆகலாம். அதாவது, நீங்க இன்னைக்குச் சொறியிற புள்ளையைக் கண்டுபிடிக்கிறீங்கன்னா, அந்தப் பேன் ஒரு மாசமா உங்க வகுப்புலதான் இருந்திருக்கு. பக்கத்துல உக்காந்த நாலு பேருக்கு ஏற்கனவே போயிருக்கலாம், அவங்களுக்கு இன்னும் அரிக்கல, அவ்வளவுதான். ஒரு மாசம் கழிச்சு ஒரு புள்ளையை மட்டும் வீட்டுக்கு அனுப்பி நீங்க எதைத் தடுத்தீங்க? குதிரை ஓடிப்போய் ஒரு மாசம் கழிச்சு லாயத்தைப் பூட்டி, பூட்டுச் சாவியை அந்தப் புள்ளை கழுத்துல மாட்டி விடுற வேலை இது.

இதை நான் சொன்னா "நீ என்ன டாக்டரா?"ன்னு பின்னூட்டம் வரும். சரி, டாக்டருங்க சொல்றதைக் கேப்போம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010லயும் சொல்லிச்சு, 2015லயும் சொல்லிச்சு, 2022லயும் சொல்லிச்சு: பேன் இருக்குங்கறதுக்காக நல்லா இருக்குற குழந்தையைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பாதீங்க. ஈர் ஒண்ணு கூட இல்லாமப் போனாத்தான் உள்ள விடுவோம்கிற விதியைத் தூக்கிப் போடுங்க. இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவையும் பேனுக்காகக் குழந்தையை வீட்டுல நிறுத்த வேண்டாம்னுதான் சொல்லுது. காரணம் எளிமை. தலைப்பேன் எந்த வியாதியையும் பரப்புறதில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புறது துணியில வாழுற உடல்பேன், அது வேற ஆளு. தலைப்பேனால வர்றது அரிப்பு, தூக்கக் கெடுதி, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகிச் சீழ் பிடிக்கிறது. தொல்லைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு வாரப் படிப்பையும் ஒரு வருஷ மானத்தையும் பறிக்கிற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லை.

ஈர் பத்தியும் சொல்லிடறேன். பெண் பேன் முட்டையை மண்டைத் தோலுக்குப் பக்கத்துல, முடியில பசை போட்டு ஒட்டுது. 7லேருந்து 10 நாளுக்குள்ள குஞ்சு வெளியில வந்துடும். வெறும் கூடு மட்டும் முடியிலயே இருக்கும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், கூடும் அதோட நகர்ந்து வரும். அதனால தோல்ல இருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல தள்ளி, வெள்ளை வெள்ளையாத் தெரியுற ஈர் பெரும்பாலும் காலிக்கூடு. உயிரில்லாத அந்தக் கூட்டைக் காட்டித்தான் நம்ம மிஸ்ஸுங்க புள்ளைங்களை வெளியில நிறுத்துறாங்க. ஈரைப் பேனாக்கி பேனைப் பெருமாளாக்குறதுன்னு நம்ம பாட்டிங்க சொன்ன பழமொழியை இவ்வளவு நேரடியா யாரும் செஞ்சு காட்டி நான் பாத்ததில்லை.

"அப்ப பேனோட சுத்தட்டும்னு விட்டுடணுமா?"ன்னு கேப்பீங்க. விடச் சொல்லல. ஒருத்தியை மட்டும் பிடிக்காதீங்க, வகுப்பு மொத்தத்தையும் பிடிங்கன்னு சொல்றேன். பேர் சொல்லாம எல்லா வீட்டுக்கும் ஒரு சீட்டு: "வகுப்பில் சிலருக்குப் பேன் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் தலையைப் பாருங்கள். இருந்தால் மருந்து போடுங்கள். ஒன்பது நாள் கழித்து மறுபடி பாருங்கள்." இதுக்கு ஆகுற செலவு நாப்பது ஜெராக்ஸ். இப்ப அதுவும் வேண்டாம், எல்லா வகுப்புக்கும் வாட்ஸப் குழு இருக்கு. பீஸ் கட்டச் சொல்லி வாரம் மூணு தடவை மெசேஜ் வருதுல்ல, அதுல ஒண்ணா இதையும் அனுப்பலாம்.

அடுத்து வைத்திய சிகாமணிகள். இவங்களை நினைச்சாத்தான் எனக்கு நிஜமாவே பயம்.

"மண்ணெண்ணெயைத் தேய்ச்சுத் துணியைக் கட்டு, பேன் செத்துடும்." பேன் சாகும். பக்கத்துல அடுப்பு எரிஞ்சா புள்ளையும் பத்திக்கும். தீப்பிடிக்கலைன்னாலும் மண்டைத்தோல் வெந்துடும். "வயலுக்கு அடிக்கிற மருந்துல ரெண்டு சொட்டு." அய்யா, அது தோல் வழியா உடம்புக்குள்ள போற விஷம். சொறிஞ்ச புண்ணு வழியா இன்னும் வேகமாப் போகும். "கொசு மருந்து ஸ்ப்ரேயை அடி." அதே கதைதான். "சீத்தாப்பழ விதையை அரைச்சுப் பூசு, இயற்கை, பக்கவிளைவே இல்லை." சீத்தாப்பழ விதைத் தூள் கண்ணுல பட்டுக் கருவிழி புண்ணாகி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களைப் பத்தி நம்ம நாட்டுக் கண் மருத்துவர்களே எழுதியிருக்காங்க. தலையில பூசுறது தண்ணி ஊத்தும்போது கண்ணுக்குத்தானே வரும்? "தேங்காயெண்ணெயில கற்பூரத்தைக் கரைச்சுத் தேய்." அந்தக் கிண்ணத்தை வீட்டுல தவழுற குட்டி எடுத்து வாயில வச்சா வலிப்பு வரும். கற்பூரம் கொஞ்சம் வயித்துக்குள்ள போனாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

இயற்கைங்கறதுக்காக எதையும் எதிர்க்குற ஆளு இல்லை நான். வேப்பிலையும் துளசியும் வீட்டுல இருக்கட்டும். ஆனா 'இயற்கை'ன்னு ஒரு வார்த்தையைப் போட்டா எந்த விஷத்தையும் குழந்தை தலையில கொட்டலாம்னு நினைக்கிற கூட்டம் இருக்கே, அவங்ககிட்ட ஒரே கேள்வி: எருக்கம்பாலும் இயற்கைதான், உங்க கண்ணுல விட்டுக்குவீங்களா?

இந்த எல்லாத்தையும் விடப் பழைய, எந்த ஆபத்தும் இல்லாத ஆயுதம் ஒண்ணு நம்ம வீட்டு அலமாரியிலயே இருக்கு. பேன் சீப்பு. இஸ்ரேல்ல லாகீஷ்ங்கிற இடத்துல 2016ல ஒரு தந்தச் சீப்பு கிடைச்சது. சுமார் 3,700 வருஷத்துக்கு முந்தினது. அதுல குட்டியூண்டு எழுத்துல ஏதோ கீறியிருக்குன்னு பின்னாடி கவனிச்சு, 2022ல படிச்சு வெளியிட்டாங்க. முடியிலயும் தாடியிலயும் இருக்குற பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும்கிற மாதிரி ஒரு வேண்டுதல். அகரவரிசை எழுத்துல எழுதின முழு வாக்கியங்கள்ல இதுவரைக்கும் கிடைச்சதுல பழசு இதுதான்னு சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க மக்களே. கடவுள் வாழ்த்து இல்லை, ராஜா பெருமை இல்லை, பேன்! தந்தத்துல சீப்பு வச்சிருந்தவன் ஏழையா இருந்திருப்பானா? பணக்காரன் தாடியிலயும் பேன் இருந்திருக்கு, அவன் அதைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை. நாமதான் கடைக்காரர் காதுல கிசுகிசுக்குறோம்.

செய்ய வேண்டியது இதுதான். தலையை நனைச்சு, கண்டிஷனரோ எண்ணெயோ தாராளமாத் தடவி, சிக்கெடுத்து, பேன் சீப்பால தோல்ல இருந்து நுனி வரைக்கும் பகுதி பகுதியா வாருங்க. ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத் துணியில துடைங்க. நாலு நாளுக்கு ஒரு தடவை, ரெண்டு வாரத்துக்கு விடாம. பொறுமை வேணும், நீளமுடின்னா அரைமணி நேரம் ஆகும். மருந்துதான் வேணும்னா 1 சதவீதம் பெர்மெத்ரின் மருந்துக்கடையில கிடைக்கும். கழுவித் துவட்டின தலையில போட்டு, பத்து நிமிஷம் வச்சுக் கழுவணும். ஒன்பது நாள் கழிச்சு மறுபடி ஒரு தடவை போடணும். ஏன்னா முட்டைக்குள்ள இருக்குறது முதல் தடவையில முழுசாச் சாகாது. நம்ம ஊர்ல பாதிப் பேர் ரெண்டாவது தடவையை விட்டுட்டு, மருந்து வேலை செய்யலன்னு கடைக்காரரைத் திட்டுறாங்க. 5 சதவீதம்னு ஒண்ணு இருக்கும், அது சொறி சிரங்குக்குப் போடுறது, மாத்தி வாங்கிடாதீங்க. ரெண்டு தடவை போட்டும் உயிரோட பேன் ஓடினா, டோஸை ஏத்தாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. கைக்குழந்தைன்னா முதல்லயே டாக்டர்தான். வீடு பூரா மருந்தடிக்கிறது, மெத்தையைக் கொளுத்துறது எல்லாம் தேவையே இல்லை. தலையை விட்டு விழுந்த பேன் சாப்பாடு இல்லாம ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும். தலையணை உறையையும் சீப்பையும் நல்லா சூடான தண்ணியில போட்டா போதும்.

பேனுக்காவது கொஞ்சம் வாய் திறப்போம். அடுத்தது இருக்கே, கீரிப்பூச்சி, அதுக்கு வாயே திறக்க மாட்டோம். வெள்ளை நூல் துண்டு மாதிரி, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். நூல்புழுன்னு சொல்றதும் இதைத்தான். ராத்திரி குழந்தை தூங்கினதும் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியில வந்து ஆயிரக்கணக்குல முட்டையிடும். அரிக்கும். குழந்தை தூக்கத்துலயே சொறியும். முட்டை நகக்கண்ணுல ஏறும். காலையில அதே விரல் வாய்க்குப் போகும். சட்டை, போர்வை, பென்சில், கதவுக் கைப்பிடின்னு எல்லா இடத்துலயும் அந்த முட்டை ரெண்டு வாரம் வரைக்கும் உயிரோட இருக்கும். ரெண்டாம் வகுப்புப் பையன் வீட்டுக்குக் கொண்டு வந்தா, அவன் தங்கச்சி, அம்மா, பேங்க் மேனேஜர் அப்பா வரைக்கும் எல்லாருக்கும் போகும். அப்பாவுக்கும் அரிக்கும், வெளியில சொல்ல மாட்டார், அவ்வளவுதான் :-)

பெண் குழந்தைங்க நிலைமை இன்னும் மோசம். புழு முன்பக்கமும் போகும். அரிப்பு, எரிச்சல், ராத்திரி அழுகை. "அங்க கை வைக்காதடி"ன்னு கையில ஒரு அடி விழும். எதுக்கு அடிச்சாங்கன்னு அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அடுத்த தடவை அரிச்சாலும் சொல்லாது. உடம்புல இன்னது பண்ணுதுன்னு அம்மாகிட்ட சொல்லக்கூடாதுங்கிற பாடத்தை ஏழு வயசுல படிச்சு வச்சுக்குது. ஒரு மாத்திரையில தீர வேண்டிய சங்கதிக்கு நாம சொல்லிக் குடுக்குற பாடத்தோட விலையை யோசிங்க. நாளைக்கு வேற யாராவது அங்க கை வச்சா அந்தப் புள்ளை யார்கிட்ட சொல்லும்? நான் பெருசு பண்றேன்னு நினைக்காதீங்க. பேச்சை அடைக்கிறது ஒரு இடத்துல அடைச்சா எல்லா இடத்துலயும் அடையும்.

இதுக்கும் ஒரு மூட்டை கதை இருக்கு. "சக்கரையைத் தின்னா பூச்சி வரும்." வராது. முட்டை வாய்க்குள்ள போனாத்தான் வரும். சக்கரை தின்னா பல்லு போகும், அது வேற கணக்கு. "பல்லை நறநறன்னு கடிக்கிறான், பூச்சிதான்." பல் கடிக்கிறதுக்கு வேற ஆயிரம் காரணம் இருக்கு. "மண்ணுல விளையாடாதே, நாய்க்குட்டியைத் தொடாதே." கீரிப்பூச்சி மனுஷன்கிட்ட மட்டும்தான் வாழும், நாய்க்குட்டி நிரபராதி. செருப்பு போடுறது கொக்கிப்புழுவைத் தடுக்கும், கீரிப்பூச்சிக்கும் செருப்புக்கும் சம்பந்தம் இல்லை. "மாசம் ஒரு தடவை விளக்கெண்ணெய் குடுத்து வயித்தைக் கழுவு." நீங்க கழுவுறது குழந்தை உடம்புத் தண்ணியை. பச்சைக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுறதைப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க. வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததைப் பத்தி மருத்துவ ஏடுகள்ல பதிவே இருக்கு.

"அதான் ஸ்கூல்லயே பூச்சி மாத்திரை குடுக்குறாங்களே?" நல்ல கேள்வி. 2015ல இருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்குது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் அல்பெண்டசோல் மாத்திரை. ரெண்டு வயசுக்கு மேல 400 மில்லிகிராம், மென்னு முழுங்கணும். அருமையான திட்டம், நான் கும்பிட்டு வரவேற்கிறேன். "எங்க புள்ளை நல்ல ஸ்கூல்ல படிக்குது, அதெல்லாம் வேண்டாம்"னு மறுக்குற பெற்றோர்களை என்ன சொல்றதுன்னே தெரியல. புழு என்ன பீஸ் ரசீதைப் பாத்துட்டா வயித்துக்குள்ள போகுது?

ஆனா அந்தத் திட்டம் குறி வச்சிருக்கிறது மண் வழியாப் பரவுற மூணு புழுவை: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் அதுங்க வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு மாத்திரை அதுங்களுக்குப் பொருந்தும். அதே மாத்திரை கீரிப்பூச்சியையும் கொல்லும். ஆனா முட்டையைக் கொல்லாது. அதனால கீரிப்பூச்சிக்கு ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டாவது டோஸ் வேணும். அதைவிட முக்கியம், வீட்டுல இருக்குற எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிடணும். ஸ்கூல்ல புள்ளைக்கு மட்டும் குடுத்த ஒரு மாத்திரையால இது எப்படிப் போகும்? பையன் சுத்தமாகி வீட்டுக்கு வருவான், தங்கச்சி படுத்த போர்வையில இருந்து மறுபடி வாங்கிக்குவான். அப்புறம் "கவர்மென்ட் மாத்திரை வேலைக்காகாது"ன்னு ஒரு பேச்சு. மாத்திரை மேல தப்பில்லை சாமி, இந்த ரெண்டாவது டோஸ் கணக்கை உங்களுக்கு யாரும் சொல்லல. கர்ப்பிணிகளும் ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளும் மட்டும் டாக்டரைக் கேக்காம எதையும் முழுங்கக் கூடாது.

மலப் பரிசோதனையில ஒண்ணும் இல்லைன்னு ரிசல்ட் வந்தாலும் நம்பி உக்காந்துடாதீங்க. கீரிப்பூச்சி முட்டை மலத்துல பெரும்பாலும் மாட்டாது. காலையில கழுவுறதுக்கு முன்னாடி செல்லோ டேப்பை ஆசனவாய் ஓரமா ஒட்டி எடுத்துக் குடுத்தா லேப்ல பாத்துச் சொல்லிடுவாங்க. இல்லைன்னா குழந்தை தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, நெளியறது கண்ணுக்கே தெரியும். மாத்திரையோட, நகத்தை ஒட்ட வெட்டுறது, காலையில எழுந்ததும் கழுவிக் குளிக்க வைக்கிறது, தினமும் ஜட்டி மாத்துறது, போர்வையை உதறாம அப்படியே சுருட்டித் துவைக்கப் போடுறது. ரெண்டு வாரம் இதைச் செஞ்சா கதை முடிஞ்சது.

இப்ப பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். கையை சோப்பு போட்டுக் கழுவுன்னு சுவத்துல படம் வரைஞ்சிருக்கும். அந்தச் சுவத்துக்குப் பின்னாடி இருக்குற கக்கூஸ்ல சோப்பு இருக்கான்னு போய்ப் பாருங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் குடிதண்ணியும் இருக்கணும்னு அட்டவணை போட்டுச் சொல்லுது. சோப்புன்னு ஒரு வார்த்தை அதுல இல்லை. லட்ச ரூபா பீஸ் வாங்குற இடத்துலயும் சோப்பு இல்லாததை நான் கண்ணால பாத்திருக்கேன். தண்ணி மட்டும் வர்ற குழாயை வச்சுட்டு, புள்ளை நகத்துல அழுக்குன்னு ஸ்கேலால அடிக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. முதல்ல ஒரு சோப்பு வாங்கி வைங்க. அப்புறம் சுத்தத்தைப் பத்திப் பேசுவோம்.

அழுக்குங்கற வார்த்தைக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். "அந்த ஏரியாப் புள்ளைங்க", "அந்த மாதிரி வீட்டுல இருந்து வர்றதுங்க", "கூட உக்காராதே". பேனை ஒரு சாக்கா வச்சுக்கிட்டு யார் யாரோட உக்காரலாம்னு பெரியவங்க முடிவு பண்றாங்க. சாதியை நேரா சொல்ல வாய் வராத இடத்துல 'ஹைஜீன்'னு சொல்றாங்க. ஒரு விஷயத்துல மட்டும் ஏழை பணக்காரன் வித்தியாசம் நிஜம்: நாலு பேர் ஒரே பாயில படுக்குற வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து மருந்து வாங்கக் காசு பத்தாது, வெந்நீர் வைக்க நேரம் இருக்காது. அப்ப அந்த வீட்டுக்குப் போக வேண்டியது மருந்து. அவமானத்தை அனுப்பி என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு. பேன்னாலும் பூச்சின்னாலும் திட்டு வாங்குறது அம்மா மட்டும்தான். "புள்ளை தலையைக் கூடப் பாக்காம என்னடி பண்றே?" டைரியில சிவப்பு மை வந்தா கையெழுத்து போடுறது அப்பா, கண்ணீர் விடுறது அம்மா. அப்பாமார்களே, பேன் சீப்புக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்கும்போது புள்ளையை முன்னாடி உக்கார வச்சு வாரி விடுங்க. ரெண்டு ஓவருக்குள்ள ஒரு பக்கம் முடிஞ்சுடும். அந்த நேரத்துல புள்ளை உங்ககிட்ட என்னென்ன கதை சொல்லுதுன்னும் பாருங்க. அந்தக் காலத்துல திண்ணையில வரிசையா உக்காந்து ஒருத்தருக்கு ஒருத்தர் பேன் பாத்த பொம்பளைங்க ஊர்க்கதை மொத்தத்தையும் அங்கதான் பேசினாங்க. அதுல யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் புள்ளைக்கு அடுத்த தடவை பேனோ பூச்சியோ வந்தா, வகுப்பு வாட்ஸப் குழுவுல நீங்களே முதல் ஆளாப் போடுங்க: "எங்க வீட்டுல பேன் வந்திருக்கு, மருந்து போட்டாச்சு, நீங்களும் பாத்துக்குங்க." அஞ்சு நிமிஷம் குழு அமைதியா இருக்கும். அப்புறம் ஒருத்தர் "எங்க வீட்டுலயும்தான்"னு போடுவார். அப்புறம் இன்னொருத்தர். ஒரு வகுப்புல நாலு வீடு வாயைத் திறந்தா அஞ்சாவது வீட்டுப் புள்ளையைத் தனி பெஞ்சுல உக்கார வைக்க எந்த மிஸ்ஸுக்கும் தைரியம் வராது.

திட்டுறவங்க தாராளமா வந்து திட்டலாம், பின்னூட்டப் பெட்டி தொறந்துதான் இருக்கு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். பின்னூட்டம் போடுறதுக்கு முன்னாடி உங்க புள்ளை தலையை ஒரு தடவை பாத்துட்டு வாங்க :-)